சிவப்புக் கசடு மைதானம்

இன்று கட்டட வேலை நடக்கும் தெருவில் நனைந்த செங்கல் தூள் மணந்தது. உடனே கொலோன் நகரில் எங்கள் வீட்டின் பின்னால் இருந்த, இப்போது கார்கள் நிற்கும், காலைக் கிழிக்கும் கூரான சிவப்பு உலைக் கசடு பரப்பிய கால்பந்து மைதானம் நினைவுக்கு வந்தது.

அது 1972 இலையுதிர்காலம். தங்கை நடக்கத் தொடங்கியிருந்தாள், ஆகவே அதற்கு முந்தைய ஆண்டாக இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு எல்லோரையும்போல வெறுங்காலோடு ஆடிப் பெயர் வாங்கிய அப்பாவை, சிறுவர் அணிக்குப் பயிற்சியாளராகச் சில வாரம் பார்க்கலாம் என்று கழகத்தார் எடுத்திருந்தார்கள். முதல் சனிக்கிழமையே, பந்தை வளைத்து அடித்துக் காட்ட அவர் சப்பாத்தைக் கழற்றினார். பந்து அழகாக வளைந்து வலைக்குள் போனது. பிள்ளைகளும் ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றத் தொடங்க, பெற்றோர் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள்.

வீட்டில் அம்மா அவர் பாதத்திலிருந்து ஊசியால் கசடைக் கிண்டி எடுத்தார்.

"இது என்ன எங்கட ஊர் மண்ணே? சப்பாத்தோடை அடிச்சிருக்கலாம்தானே."

"சப்பாத்தோடை எனக்கு வளைக்க ஏலாது."

அடுத்த சனிக்கிழமை சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். அங்கே அப்பாவின் இடத்தில் வேறொருவர் நின்று பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார். யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. ஒருமுறை பந்து எங்களிடம் உருண்டு வந்தது. அப்பா குனிந்து, அதைக் கையால் எடுத்துக் கொடுத்தார்.