சேமக்காலை மதிலைச் சுரண்டிய இராயப்பு

தேர்தல் முடிந்தால் வென்றவருக்கு மாலை, தோற்றவருக்கு மனவருத்தம், நாவற்குடா இராயப்புவுக்கு மதில். அறுபதாம் ஆண்டு இன்னும் மோசம். பங்குனியில் ஒரு தேர்தல், அது போதாதென்று ஆடியில் இன்னொன்று. பங்குனியில் கட்சிக்காரர் மதில்களில் தாரால் எழுதியதைச் சுரண்டி முடித்து மூச்சு விடுவதற்குள் அதே மதில்களில் ஆடித் தார் ஏறிவிட்டது.

இளவயதில் தோணியும் வலையுமாக இருந்த மனிதர் அவர். முழங்கால் பிசகியபின் ஆற்றை விட்டுக் கரையேறி நகரசபையில் கூலியாகச் சேர்ந்தார். முதலில் தெருவுக்குத் தார் ஊற்றும் வேலை. கால் இன்னும் கெட்டுப்போனதும், சுவர்களிலிருந்து தாரை எடுக்கும் வேலை. தெருவோரப் பீப்பாயில் களவெடுத்துத்தான் பொடியன்கள் எழுதுவார்கள். "ஊத்தினதும் நான், சுரண்டுறதும் நான்" என்று சிரிப்பாரே தவிர, யாரையும் ஏசமாட்டார். மண்ணெண்ணெய்ச் சீலையை எழுத்தின்மேல் வைத்துத் தார் இளகும்வரை, எழுதின கைக்காக மாதாவிடம் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வார். அது அவருடைய வழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வாளியோடு வரும்போது, மார்கிறட் அவர் வீட்டுப் படலையடியில் காத்து நின்றாள். புருசன் செத்தபின் இடியப்பம் அவித்து விற்று ஒற்றை மகள் மேர்சியை வளர்த்தவள்.

"அண்ணன், சேமக்காலை மதிலப் பாத்தீங்களா?"

"இல்லியே கா. என்ன?"

அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கல்லறைகளைச் சுற்றிப் பாசி படிந்து கறுத்த மதிலில், தேர்தலுக்குக் களவெடுத்த தாரின் மிச்சத்தால் யாரோ எழுதியிருந்தார்கள்: 'மேர்சிக்கு ஆள் இருக்கு'.

ஞாயிற்றுக்கிழமை மேர்சிக்குக் கோயிலில் முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சுவாமி பூசையில் வாசிப்பார். அதைக் கேட்கத் தன்னாமுனையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் றோசம்மா வருகிறாள். பஸ்ஸால் இறங்கிக் கோயிலுக்குப் போக இந்த மதிலைத் தாண்டாமல் வழியில்லை.

"நாளைக்கு எண்டு விடாதீங்க அண்ணன்."

அவருக்கோ அந்த வாளியைக் கீழே வைத்தால் திரும்பத் தூக்கப் பலமில்லை. ஆனாலும் சீலையை நனைத்தார். வழக்கமான மந்திரத்தைத் தொடங்கினார். எழுதின கைக்காக என்று நினைத்ததும் வாய் ஓடவில்லை. மந்திரம் இல்லாமலே சுரண்டினார். பொழுது சாயும்போது கடைசி எழுத்தின் தாரும் உதிர்ந்தது. நிமிர்ந்து, தெருவின் மறுபக்கம் போய்த் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளை மதில்களில் சுரண்டிப் பழகிய கை. களைப்பில் யோசிக்கவில்லை. தாரோடு பாசியும் போய், எழுத்து இருந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. முதலில் கிட்ட வந்தால்தான் வாசிக்கலாம். இப்போது பஸ்ஸில் இருந்தே வாசிக்கலாம்.

மார்கிறட் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். "சுண்ணாம்பு அடிச்சா மறையாதா அண்ணன்?"

"சுவருக்குள்ள ஊறின தார் மறுகாவும் மேல வரும் கா. மதில் முழுக்கச் சுரண்டணும். அப்பதான் எது எழுத்து, எது சுவர் எண்டு தெரியாது."

மூலையிலிருந்து மூலைவரை பார்த்தார். கடலுக்குக் கரை தேடுவதுபோல இருந்தது.

சனிக்கிழமை அவருக்கு முன்னே மேர்சி அங்கே நின்றாள், கையில் தேங்காய்த் தும்பும் ஒரு சிரட்டை மணலும். மார்கிறட்டும் வந்து சேர, மூவருமாகத் தேய்த்தார்கள். வெயில் ஏறியது. மீன் விற்கிற நல்லரத்தினம் பெட்டி கட்டிய சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன இராயப்பண்ணன், உள்ள கிடக்கிறவங்களுக்கும் எலக்சனா? ஆருக்கு வோட்டுப் போட்டவங்களாம்?"

"அவங்களுக்கு எல்லாம் ஒரே சின்னம்தான்டாப்பா. சிலுவை."

நல்லரத்தினம் சிரித்தான். பிறகு மேர்சியைப் பார்த்தான், மதிலைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான். தன் வாளியைக் கழற்றி வைத்தான். "தண்ணி அள்ள வெச்சிருங்க. மீன் மணக்கும், ஒண்டும் நினைக்காதீங்க."

அவன் போனபின் மேர்சி மெல்லக் கேட்டாள்: "அது பொய்யா மெய்யா எண்டு நீங்க கேக்கல்லியே மாமா?"

"எழுத்த எடுக்கிறதுதான் மகள் என்ர வேலை. கேள்வி கேக்கிற வேலைய என்னட்ட ஆரும் தரல்ல."

"பொய் மாமா."

"ஓம் மகள். தண்ணிய ஊத்து."

இருட்டுப்படும்போது மதில் முழுவதும் ஒரே வெளிறலாக நின்றது. இராயப்புவால் முழங்காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அன்றிரவு செபமாலையைக் கையில் எடுத்ததுதான் தெரியும்.

ஞாயிறு காலை, கோயில் வாசலுக்கு றோசம்மா வந்து சேர்ந்தாள். மார்கிறட்டும் மேர்சியும் எதிர்கொண்டார்கள்; இராயப்பு தூணைப் பிடித்தபடி நின்றார். "என்ன சம்பந்தி, திருநாளா உங்கட ஊரில? சேமக்காலை மதில் புதுசாட்டம் கிடக்கு" என்று மார்கிறட்டிடம் கேட்டபடி மேர்சியின் கையைப் பிடித்தாள். பிடித்த கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நகத்தில என்ன புள்ள, தாரா?"

மார்கிறட்டின் முகம் செத்துப்போயிற்று. இராயப்பு தன் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். மதிலைப் பார்த்த மூவரும் நகத்தைப் பார்க்கவில்லை.

மேர்சி தலை குனியவில்லை. "என்னப் பத்தி மதில்ல பொய் எழுதிக் கிடந்திச்சு மாமி. அதச் சுரண்டினன்."

"முழு மதிலயுமா?"

"ஓம். இராயப்பு மாமாவும் அம்மாவும் நானும்."

றோசம்மா ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் அவள் விரலை ஒருமுறை துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"மண்ணெண்ணெய் போட்டா தோல் உரியும் புள்ள. தேங்காயெண்ணெய் பூசி ஊற விடு, போயிரும்" என்றாள். "வாங்க, பூசை தொடங்கப் போகுது."

கையை விடாமலே உள்ளே கூட்டிப் போனாள்.

இராயப்பு கடைசி வாங்குப் பலகையில் போய் இருந்தார். சொல்ல வராமல் கிடந்த மந்திரம் ஞாபகம் வந்தது. எழுதின கைக்காக அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினார். பாதியில் கண் சொருகிவிட்டது. ஆகையால் ஓலை வாசித்தது அவருக்குத் தெரியாது. பிறகு மார்கிறட் சொல்லித்தான் கேட்டார்: தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமி நிறுத்தியபோது கோயிலில் ஒரு சத்தமும் இல்லையாம், அவருடைய குறட்டையைத் தவிர.