பெட்ரோல் டாங்கும் இடுப்புக் கயிறும்

ஐம்பதை நெருங்குகிற ஒரு மனுஷன், வீட்டில் பிரஷர் பார்க்க வாங்கி வைத்த ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில், தெருவில் குத்தவைத்து உட்கார்ந்து, தன் காரின் பெட்ரோல் டாங்கைப் பரிசோதித்தான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், அது நான்தான். எதிர்வீட்டு அண்ணாச்சி பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "மூச்ச நல்லா இழுத்து விடச் சொல்லுங்க சார், அப்பதான் கேக்கும்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியான்னும் கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது ஏனென்றால், பிறகு நான் சொல்லப்போகிறதைக் கேட்டு நீங்கள் எப்படியும் என்னைக் கோமாளி என்று முடிவுகட்டத்தான் போகிறீர்கள், அந்த வேலை முடிந்துவிட்டால் மிச்சத்தை நிம்மதியாகக் கேட்கலாம். பேய், ஆவி, காற்று, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் நான். எங்களுக்குக் கப்பல் வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை, இரண்டுக்கும் நடுவே எதுவும் மிதப்பதில்லை. போதாக்குறைக்குப் புத்தகம் வாசிக்கிற பழக்கம் வேறு. எதையெல்லாம் நம்பக்கூடாது என்று அலமாரி நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்தது. நம்பினால் நம்புங்கள்.

கதை காரிலிருந்து தொடங்குகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார். கிளம்பும்போது குதிரை மாதிரிப் போகும். கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும், விக்கும், இருமும், அப்புறம் நடுரோட்டில் கண்ணை மூடிவிடும். அரைமணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பைபாஸில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். பெட்ரோல் பம்பு போச்சு, இன்ஜெக்டர் எல்லாம் போச்சு, டாங்கைக் கழற்றி இறக்க வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட்டைப் படித்தபோது, பக்கத்து நாற்காலிக்காரருடைய காகிதம் தவறி என் கைக்கு வந்துவிட்டதோ என்று பெயரைச் சரிபார்த்தேன். என் பெயர்தான். எழுத்துப் பிழைகூட இல்லை.

என் மனைவி ரோஸ்லின் அதை ஒரு தடவை பார்த்தாள். "என்ன செய்யப் போறிய?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியல ரோஸ்லின். மெஷின் சொல்லுறதை அப்படியே ஒப்பிக்கிறான். நானே கண்டுபிடிப்பேன்."

"நீங்களா?"

அந்த 'நீங்களா'வில் இருபத்துச் சொச்சம் வருஷத்துக் குடும்ப வாழ்க்கை இருந்தது. பிறகு தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள நடக்கலன்னா, திங்கக்கெழம ஒண்ணு அவன் கேக்குறதக் குடுக்கணும், இல்ல வண்டிய வந்த வெலைக்குத் தள்ளிரணும். மறுபேச்சு கெடையாது."

ஆக, காரும் என் மானமும் ஒரே தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தன. ஸ்டெதாஸ்கோப் சம்பவம் இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தது.

ஆனால் நான் கண்டுபிடித்தேன். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தைத் தாண்டிக் கயிற்றுக்கு ஓடிவிடுகிறார்கள். பெட்ரோல் பங்கில் ஒருநாள், செத்துக்கொண்டிருந்த வண்டியை எப்படியோ உருட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன். பங்க்காரர் டாங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், வெளியே வருகிற காற்றில்லை, உள்ளே இழுக்கிற காற்று. பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால் வண்டி பஞ்சாய்ப் பறக்கிறது. எனக்குள் ஏதோ மின்னியது. எங்கள் தெருமுனைக் கடையில் எண்ணெய் டின்னைத் திறக்கிற அண்ணாச்சி எப்போதும் இரண்டு ஓட்டை போடுவார், ஒன்று எண்ணெய் வெளியே வர, இன்னொன்று காற்று உள்ளே போக. ஒரே ஓட்டை என்றால் எண்ணெய் விக்கி விக்கி வந்து நின்றுவிடும். என் காருக்கு இரண்டாவது ஓட்டை அடைத்துவிட்டது! டாங்குக்குள் காற்று போக ஒரு சின்ன ரப்பர் ஓஸ் இருக்க வேண்டும், அதில் ஏதோ அடைப்பு. பம்பும் நல்ல பம்பு, இன்ஜெக்டரும் நல்ல இன்ஜெக்டர். கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் நிமிர்ந்து படுத்துத் தூங்கினேன்.

இனி நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் தருவைகுளத்தில் மச்சினன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ரோஸ்லின், "நான் மினிபஸ்ல போயிக்கிடுதேன், நீங்க உங்க நோயாளியக் கூட்டிட்டு மெதுவா வாங்க" என்று போய்விட்டாள். என்னோடு வந்தவன் அவளுடைய கடைசித் தம்பி கிளாட்வின். செல்போன் கடை வைத்திருக்கிறான், பைக்குக்குக் காற்றடிக்கக்கூட அடுத்தவனைக் கூப்பிடுகிற ரகம். ஏறும்போதே ஒரு நீளமான நைலான் கயிற்றை டிக்கியில் போட்டான். வள்ளத்துக் கயிறு, படகு கட்டுகிறது.

"எதுக்குலே இது?"

"கட்டி இழுக்கதுக்குத்தான் அத்தான். வேற எதுக்கு?"

ஊரைத் தாண்டி உப்பளத்து நடுவே போகும்போது, நான் எதிர்பார்த்தபடியே, வண்டி விக்கியது, இருமியது, நின்றது. உலகத்திலேயே கார் நின்றதற்குச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். இறங்கிப் போய் மூடியைத் திருகினேன். புஸ்ஸ்ஸ். சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட்.

"பாத்தியாலே!"

"பாத்தேன். சரி, போவம். பசிக்கி."

அறிவுள்ளவன் அப்படியே போயிருப்பான். சாப்பிட்டுவிட்டு, நிழலில், ஜாக்கிக்கு அடியில் கல்லைப் போட்டு வேலையைப் பார்த்திருப்பான். எனக்கு அடைப்பைக் கையில் எடுத்துக்கொண்டுபோய் ரோஸ்லினின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஆசை. உச்சி வெயிலில், ரோட்டோரத்து உப்பு மண்ணில், வண்டியோடு வந்த ஜாக்கியை அப்படியே ஊன்றி, இடதுபக்கப் பின் டயரைக் கழற்றினேன். கழற்றிய டயரை, ஜாக்கி சரிந்தால் தாங்குவதற்கு, வண்டிக்கு அடியில் போட்டு வைக்க வேண்டும் என்பது லாரி கழுவுகிறவனுக்குக்கூடத் தெரியும். நான் அதைக் கிளாட்வின் உட்காருவதற்கு ஆசனமாகப் போட்டுக்கொடுத்தேன்.

உள்ளே நுழையுமுன் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். எங்கள் கடற்கரை ஆட்களில் முத்துக்கும் சங்குக்கும் கடலில் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் மச்சான் முறைக்காரன்தான் பிடிப்பானாம். அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள். மச்சான் என்றால் கூடப் பிறந்தவளைத் தாலியறுக்க விடமாட்டான் அல்லவா, அந்தக் கணக்கு. என் முன்னோர் அப்படி இறங்கியவர்கள், நான் வாளித் தண்ணீரில் குளிக்கிறவன். இருந்தாலும் அன்றைக்கு ஜெயித்த மிதப்பில், வள்ளத்துக் கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையைக் கிளாட்வினிடம் கொடுத்தேன்.

"நான் இழுத்தா நீயும் இழுக்கணும் மாப்ள. முறை தவறக்கூடாது."

"கழுத்துல கட்டுங்க அத்தான். ரெண்டு பேருக்கும் வேல சுலபம்."

தலையை உள்ளே கொடுத்து மல்லாக்கப் படுத்து நகர்ந்தேன். கால்கள் வெளியே, உப்புப் பாத்திப் பக்கம். டாங்குக்குப் போகிற பெரிய குழாய், அதை ஒட்டினாற்போல ஒரு சுண்டுவிரல் பருமன் ஓஸ். கையால் தடவிக்கொண்டே அதன் வாய்க்குப் போனால், குளவிக்கூடு! ஏதோ ஒரு குளவி அந்த ஓட்டையைப் பார்த்து, இது நமக்காகவே வைத்தது என்று மண் குழைத்துப் பூசிக் குடியேறியிருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். மண் என் வாயில் விழுந்தது. துப்பிவிட்டு ஊதினேன். காற்று போனது. ஒரு கைப்பிடி மண்! அதற்கு அத்தனை பெரிய எஸ்டிமேட்! எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. "ஏலே, புடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

அப்போது இடுப்பில் கயிறு இரண்டு முறை சுண்டியது. சின்னச் சுண்டல், கூப்பிடுகிற மாதிரி.

"இருலே, வாரேன். கூட்ட முழுசா எடுத்துக்கிடுதேன்."

திரும்ப இரண்டு சுண்டல். இந்த முறை கொஞ்சம் கோபமாக. நான் அசையவில்லை, எனக்குக் குளவிக்கூடு பெரிதாக இருந்தது. அடுத்து ஒரே இழுப்பு. நீங்கள் கப்பலில் சரக்கு தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி, திமிறவே முடியாத, நிதானமான, நீண்ட இழுப்பு. சட்டை சுருண்டு ஏற, முதுகுத் தோல் மண்ணில் உரிய, நான் சரசரவென்று வெளியே வந்தேன். தலை வெளிச்சத்துக்கு வந்ததும் ஜாக்கி உப்பு மண்ணுக்குள் சாய்ந்தது, கார் சொத்தென்று உட்கார்ந்தது. என் முகம் இருந்த இடத்தில் இரும்பு புதைந்து கிடந்தது. ஒரு விரற்கடை இடம்கூட மிச்சமில்லை.

படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். "மாப்ள, நீ நல்லாருப்பே" என்று திரும்பினால், மாப்பிள்ளையைக் காணோம்.

டயர் மட்டும் இருந்தது. தூரத்தில், உப்பளத்து வாட்ச்மேன் கொட்டகைப் பக்கமிருந்து, தண்ணீர் பாட்டிலோடு வரப்பு மேல் ஓடிவந்துகொண்டிருந்தான் கிளாட்வின்.

"தண்ணி எடுக்கப் போறேன்னு சொன்னேன் அத்தான், நீங்க உள்ள பாடிக்கிட்டே இருந்திய. கயித்த டயருக்கு அடியிலல்லா செருகிட்டுப் போனேன்? அங்கனயிருந்து பாத்தா நீங்க வலையில மீனு வாற மாரி வெளிய வாரிய. யாரு இழுத்தது?"

கயிறு டயருக்கு அடியில் இல்லை. என் இடுப்பிலிருந்து நேர்கோடாக ரோட்டோரம் இறங்கி, பாத்தியில் தேங்கி நின்ற உப்புத் தண்ணீருக்குள் போயிருந்தது. விறைப்பாக. கணுக்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர். அதன் மேல் உப்பு ஆடை கட்டியிருந்தது, பால் ஆறினால் கட்டுமே அப்படி, தொட்டால் நொறுங்கிவிடும். ஒரு கால் வைத்த தடம், ஒரு விரிசல், எதுவும் இல்லை. கயிறு உள்ளே நுழைந்த இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை, ஆள் நின்றால் மறைய ஒரு செடி கிடையாது.

நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். அந்தப் பக்கம் பாரமாக இருந்தது. எங்கோ சிக்கியிருக்கிற பாரம் எப்படி இருக்கும் என்று தெரியும், இது அப்படியில்லை, பிடித்திருக்கிற பாரம். பிறகு, சரி போகட்டும் என்று யாரோ கையைத் தளர்த்தினாற்போல, லேசாகி, மொத்தக் கயிறும் என் கைக்கு வந்துவிட்டது. கிளாட்வின் சிலுவை போட்டுக்கொண்டான். நானும் போட்டுக்கொண்டேன். புத்தகங்கள் வீட்டில் இருந்தன, அவை பார்க்கவில்லை.

வாட்ச்மேனிடம் பலகை வாங்கி வந்து ஜாக்கியை ஊன்றி, டயரை மாட்டி, தருவைகுளம் போய்ச் சேர்ந்தோம். வண்டி ஒரு விக்கல் எடுக்கவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை எடுக்கவில்லை. மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "வேண்டாம், குளவிதான்" என்று ஒரே வரியில் சொல்லி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறந்த வசனம் அதுதான்.

சாப்பாட்டில் உட்கார்ந்ததும் குளவிக்கூட்டின் மிச்சத்தை ரோஸ்லின் முன் வைத்துவிட்டு, எண்ணெய் டின், இரண்டு ஓட்டை என்று ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. கிளாட்வின் கயிற்றைச் சொல்ல ஆரம்பித்ததும் குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது. என் முதுகைத் திருப்பிப் பார்த்தார்கள். கிளாட்வின்தான் தயங்கித் தயங்கி, "பெரியண்ணனா இருக்குமோக்கா?" என்றான். ரோஸ்லினுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். சங்கு குளிக்கப் போய், திரும்பி வரவில்லை. எங்கள் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை, அது வேறு காரணம். என்னைப் பிடிக்காது.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பரம்பரையில் எனக்குத் தெரிந்து கடைசியாகக் கயிறு கட்டி இறங்கி, உயிரோடு ஏறி வந்தவன் நான். காருக்கு அடியில்தான், இருக்கட்டுமே. எனக்கும் பிடிப்பதற்கு ஒரு ஆள் இருந்திருக்கிறது. அந்தப் பெருமை இன்னும் இருக்கிறது, கூடவே இன்னொன்றும். ஆபீஸில் டிராயரை இழுக்கும்போதும், கிளாட்வின் கடை ஷட்டரைப் பிடிக்கும்போதும், என் கை ஒரு நொடி நின்று பார்க்கிறது. அந்தப் பக்கம் விடட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. அது போகவே மாட்டேன் என்கிறது.

ரோஸ்லின் கரண்டியிலிருந்த மீன் துண்டை என் தட்டில் போட்டாள். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"பெரியண்ணனா? போலே. அவன்னா ஜாக்கியல்லா தட்டி விட்டிருப்பான்."