துக்கம் கேட்க வராதீர்கள்

"உன் தைரியம் யாருக்கு வரும்" என்று யாராவது சொன்னால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது. விடிந்தால் கோழிக்குத் தீவனம் வைக்க வேண்டும், கட்டிலில் கிடக்கும் மனிதரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், பிள்ளைக்குத் தலை பின்ன வேண்டும். இதில் தைரியம் எங்கே வந்தது? நான் செய்யாவிட்டால் செய்ய ஆளில்லை. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகும். எழுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், வண்டி கவிழ்ந்தது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே எதுவும் தப்பவில்லை. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தார். பிறகு அவராக எழுந்திருக்கவே இல்லை. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது.

கிணற்றில் தண்ணீர் இல்லை. சோளக்காட்டை நம்பி மூன்று பேர் கஞ்சி குடிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அப்போதுதான் ஒவ்வொருவராகக் கோழிப்பண்ணை போட ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து ஊரில் என் அண்ணனும் போட்டிருந்தார். எனக்குக் கொட்டகை போட்டுக் கொடுத்தது அவர்தான். ஓலை வேய்ந்தது, தரையில் கடலைத் தொலியைப் பரப்பியது, குஞ்சுகளுக்கு எத்தனை சூடு வேண்டும் என்று கையை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எனக்கு அண்ணன்தான் எல்லாம். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

முதல் பேட்ச் முட்டை விடத் தொடங்கிய சமயத்தில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் கோழிகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டம் சுற்றின. சாயங்காலத்துக்குள் சரிந்து விழுந்தன. ஒரு வாரம் நான் குழி வெட்டியதும் சுண்ணாம்பு போட்டு மூடியதும்தான் வேலை. கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு அந்தக் குழிமேட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

எங்கள் பக்கத்தில் துக்கம் என்றால் நேரில் போய்க் கேட்டாக வேண்டும். சாவுக்கு மட்டுமில்லை. எருது செத்தாலும், கிணற்றுச் சுவர் இடிந்தாலும் போய்க் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். என் கோழிகளுக்கும் வந்தார்கள். பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் கொட்டகைக்குள் போய், செத்துக் கிடந்ததைக் காலால் புரட்டிப் பார்த்து, அடப்பாவமே என்று உச்சுக்கொட்டினார்கள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரத்தில் அவர்களுடைய பண்ணைகளும் வரிசையாக விழுந்தன. அண்ணனுடையது மட்டும் எப்படியோ தப்பியது. என் வீட்டுப் பீடை ஊரெல்லாம் பரவிவிட்டது என்று பேச்சானது. கட்டிக்கொண்டு அழுத அதே வாய்கள்தான் பேசின.

நாமக்கல்லிலிருந்து கால்நடை டாக்டர் வந்தார். யார் யார் வந்து போனார்கள் என்று கேட்டார். நானும் பெருமையாக, ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்தார்கள் என்றேன். மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கோழிக்கு எழவு கேட்கப் போகிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நோய் காற்றில் பறந்து வந்ததைவிட உங்கள் சொந்தக்காரர்கள் செருப்பிலும் சீலைக் கொசுவத்திலும் போனதுதான் அதிகம் என்றார். அன்றைக்கு அவர் சொன்னது எனக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கியது.

மறுவருஷம் இரண்டாவது பேட்ச் இறக்கினேன். இதுவும் போனால் தோட்டத்தை விற்றுவிட்டு, அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டாயில் போய்த்தான் ஒண்ட வேண்டும். அண்ணன் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் என் வீட்டுக்காரர் அங்கே ஒரு வாரம்கூட உயிரோடு இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இன்னொருவர் வீட்டுச் சோற்றில் படுத்துக்கிடக்கிற மனிதர் இல்லை அவர். அதனால் தோட்டத்து வாசலில் மூங்கில் படல் ஒன்றைக் கட்டினேன். யார் வந்தாலும் அதற்கு அந்தப் பக்கம்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காலைக் கழுவி, பாவாடையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள். கோழிக்கு மடி ஆசாரம் பார்க்கிறாள் என்று ஊரே சிரித்தது. சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பங்குனி மாதம். முட்டை வியாபாரி படலுக்கு வெளியே நின்று சத்தமாகச் சொன்னான். அண்ணன் பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாக விழுகின்றனவாம்.

என் கொட்டகையைக் கட்டிய கை இப்போது அங்கே குழி வெட்டிக்கொண்டிருக்கும். ஓடிப் போய் அண்ணியைக் கட்டிக்கொள்ள வேண்டும், அண்ணனுக்கு ஒரு வாய் சோறு போட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து, போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடு, இல்லாவிட்டால் காலத்துக்கும் பேச்சாகிவிடும் என்றார். போனால் எட்டியா பார்க்க முடியும்? உள்ளே போக வேண்டும், கட்டிக்கொண்டு அழ வேண்டும், அவர்கள் தரையில் உட்கார வேண்டும். நான் போகவில்லை. கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கோழிகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

சில நாள் கழித்து, உச்சி வெயிலில், அண்ணனே வந்துவிட்டார். வேட்டியில் சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்ட இறகும். முகத்தில் தாடி. படலில் கை வைத்தார்.

"அம்மிணி, படலத் தொற. நாந்தான்."

"ண்ணா, அங்கயே நில்லுங்கண்ணா. உள்ள வராதீங்க."

அவருக்குப் புரியவில்லை. டாக்டர் சொன்னதை நான் கடகடவென்று ஒப்பித்தேன். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எல்லாம் போச்சு, ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றார். உன்னிடம் சொல்லி அழத்தான் நடந்தே வந்தேன் என்றார். அண்ணன் அழுது நான் அன்றுவரை பார்த்ததில்லை. படலுக்கு அந்தப் பக்கம் அவர் அழுதார், இந்தப் பக்கம் நான் அழுதேன். கயிற்றை அவிழ்க்க என் கை இரண்டு தடவை போனது. அவிழ்க்கவில்லை.

கடைசியில் தண்ணீர் கேட்டார். சொம்பில் மொண்டுகொண்டு வந்தேன். சொம்பைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாதே என்ற யோசனையிலேயே, கையை ஏந்துங்கண்ணா என்றேன். அவரும் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். நான் படலுக்கு மேலாக எட்டி, சொம்பு அவர் மேல் படாமல் உயரத் தூக்கி ஊற்றினேன். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒன்றாக உறைத்தது. எங்கள் வீட்டில் அப்படித் தண்ணீர் ஊற்றுவது சேரியிலிருந்து வேலைக்கு வரும் ஆட்களுக்கு மட்டும்தான். சின்ன வயதிலிருந்து நானே எத்தனையோ பேருக்கு ஊற்றியிருக்கிறேன். வாங்கிக் குடித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் கையை விரித்துவிட்டார். தண்ணீர் மண்ணில் போனது.

"உன்ற கோழி நல்லா இருக்கட்டும், அம்மிணி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வாழ்த்துகிற மாதிரி மெதுவாகச் சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தார். அவர் நின்ற இடத்தில் சுண்ணாம்பைத் தூவினேன். அண்ணன் காலடியின் மேல் சுண்ணாம்பு போட்டவள் நான். அழுதுகொண்டேதான் போட்டேன், ஆனால் போட்டேன்.

கோழிகள் பிழைத்தன. தோட்டம் நின்றது. அண்ணன் அதற்குப் பிறகு வரவும் இல்லை, பேசவும் இல்லை. மகள் பெரிய மனுஷியான சீருக்கு மாமன் இடம் காலியாகக் கிடந்தது. தாய்மாமன் இல்லாத சீரா என்று ஊர் வாயில் போட்டு மென்றது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ பண்ணுனது சரிதான் புள்ள. ஆனா நாளைக்கு நாஞ் செத்தா உனக்குக் கோடி கொண்டார ஆளில்லையே."

எங்களில் புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சீலை வர வேண்டும். அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில், கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டேன்.

"அப்ப நீங்க சாவாதீங்க."

அவர் சிரித்தார். சொன்ன பேச்சைக் காப்பாற்றுகிற மாதிரி எண்பதுகளின் கடைசிவரை இருந்தார். கோழி வருமானத்தில்தான் மருந்து, மாத்திரை, மகள் படிப்பு எல்லாம் நடந்தது. பிறகு ஒரு தை மாதத்தில், காலைக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

காலையிலேயே அண்ணனுக்கு ஆள் போனது. வாசலில் பிணம் கிடந்தது. வெயில் ஏறியது. பெரியவர்கள் பாதையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மத்தியானம் தாண்டியது. பறை அடிப்பவர்கள்கூட அடித்து ஓய்ந்துவிட்டார்கள். மகள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, மாமா வருவாராம்மா என்று கேட்டாள். யாராவது கடைக்குப் போய் ஒரு கோடி வாங்கிவந்து போட்டுவிடலாமா என்று ஒருத்தர் மெதுவாக ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். கட்டியிருந்த பழைய நீலச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"கடக் கோடி வேண்டாம். எடுங்க சாமி. வரமாட்டாரு."