கேமராவுக்காகப் பற்றவைத்த அடுப்பு

அழகுத்தாய்க்குச் சந்தேகம் பிறவிக்குணம். பால் வாங்கினால் மோந்து பார்ப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் சிரித்தால் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள். பகலெல்லாம் சேத்தூர் வயல்களில் நடவும் களையெடுப்பும். விடியுமுன் மலையடிவாரக் காட்டில் விறகு. போன கோடையில், புலியைப் படம் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த கேமரா, விறகுக்கட்டோடு அவளைப் பிடித்துவிட்டது. காட்டிலாகாக்காரர்கள் அரிவாளை வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை மாட்டினால் கோர்ட்டுதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்படிப்பட்டவளிடம் போய், "உங்க அன்றாட வாழ்க்கையைப் படம் எடுக்கணும்மா" என்று கேமராவும் கையுமாக நின்றாள் சத்யப்பிரியா. உழைக்கும் பெண்களைப் பற்றி ஆவணப்படமாம். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்தானாம்.

"காட்டிலாகா பெரிய ஆபீஸும் அங்கதான இருக்கு," என்று பக்கத்து வீட்டுப் பாலம்மாளின் காதைக் கடித்தாள் அழகுத்தாய். "வேண்டாம்னா சந்தேகப்படுவா. வரட்டும், நம்மளும் நடிப்போம்."

அன்றைக்கே விறகெல்லாம் பாலம்மாளின் தொழுவத்துக்குப் போனது. விருந்தாளி வந்தால் மட்டும் எரியும் கேஸ் அடுப்பு, மேடையிலிருந்து தரைக்கு இறங்கியது. குத்தவைத்து உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சமைக்கக் கை வரும்.

மறுநாள் காலை கேமரா ஓடியது. அழகுத்தாய் உலை வைத்தாள். வாய் ஓயாமல் கேஸைப் புகழ்ந்தாள். உலை கொதிக்கத் தாமதமாகவும் கை பழக்கத்தில் நீண்டது. ஊதுகுழலை எடுத்து அடுப்புக்குள் ஓங்கி ஊதினாள். தீ அணைந்து, கேஸ் வாடை குப்பென்று அடித்தது. சத்யப்பிரியா பாய்ந்து வந்து கேஸை மூடினாள்.

"கேஸ் அடுப்பையா ஊதுவீங்க?" என்று சிரிக்கத் தொடங்கியவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அழகுத்தாய் ஊதுகுழலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். குட்டு உடைந்த பயம்தான்.

"நெசத்தச் சொல்லு. நீ காட்டிலாகா அனுப்புன ஆளுதான?"

"சத்தியமா இல்லம்மா. வேணும்னா இதை அழிச்சிடறேன்."

"அழிச்சியா இல்லையான்னு நான் என்னத்தக் கண்டேன்?" ஊதுகுழலைத் தரையில் வைத்தாள். "நாளைக்கு எங்கூடக் காட்டுக்கு வா. நீயும் ஒரு கட்டு தூக்கு. பொறவு பாப்போம்."

"மாட்டினா எனக்கும் கோர்ட்டும்மா."

"ஆமா. எனக்கு மட்டும் என்னவாம்?"

சத்யப்பிரியா கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனால் மறுநாள் விடியுமுன் வந்து நின்றாள். மரத்துக் கேமராவில் விழாமல் இருவரும் ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போய்ச் சுள்ளி பொறுக்கினார்கள். சுள்ளிக்கட்டைச் சத்யப்பிரியாவின் தலையில் அழகுத்தாயே ஏற்றிவைத்தாள். அந்தப் பிள்ளை கழுத்து ஆட நாலடி நடப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

"ஏட்டி, அப்படியே நில்லு."

அழகுத்தாய் இடுப்பிலிருந்து தன் செல்போனை எடுத்தாள். ஒரு படம் எடுத்தாள்; சந்தேகத்துக்கு இன்னொன்றும் எடுத்தாள். முகமும் விறகும் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"ஒன் கேமராவுல நான் இருக்கேன். என் போனுல நீ இருக்க. இனிமே எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோ."