மதினி பார்த்த படம்

ஆத்தூர்ப் பக்கம் எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தன் முறை முடிந்தவர் அடுத்த வயல்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். அவர் வந்து மடையைத் திருப்பிக்கொள்வார். அப்படி ஒரு நாள் கூப்பிடாமல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்ட பக்கத்து வயல்காரனை என் அண்ணன் தட்டிக் கேட்டார். அவன் மண்வெட்டியாலேயே அடித்துக் கொன்றுவிட்டான். பங்காளிதான். பார்த்தவர்கள் யாரும் கோர்ட்டில் வாய் திறக்கவில்லை. விடுதலையாகி வந்து அடுத்த போகமே நாற்று நட்டான்.

மதினி அழவேயில்லை. பிரமை பிடித்தவள்போல இருந்தாள். நான்தான் அவளை டூரிங் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். தாலி அறுத்தவளுக்குச் சினிமாவா என்று ஊர் வாய் மென்றது. மெல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

படத்தில் ஒருத்தி, தன் புருஷனைக் கொன்றவன் வீட்டிலேயே வேலைக்குச் சேர்கிறாள். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. செத்தவன் பக்கத்தில் நிற்பதுபோலப் பேசுகிறாள், சிரிக்கிறாள், இலை போட்டுச் சோறு வைக்கிறாள். அதைப் பார்த்துப் பார்த்தே, கொன்றவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. மணலில் உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மதினி மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல படம்" என்றாள், திரும்பி வரும்போது. அண்ணன் போனபின் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது.

அடுத்த முறைத் தண்ணீர் வந்தபோது, அண்ணனைக் கொன்றவன் தன் வயலை முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டான். மதினி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளில்லாத வரப்பைப் பார்த்து, "ஏங்க, நம்ம முறை வந்துருச்சு. மடையத் திருப்புங்க" என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். என்னவோ கேட்டதுபோலத் தலையாட்டிவிட்டு, அவளே மண்வெட்டியை எடுத்தாள். அவன் முகம் வெளுத்தது.

அதன்பின் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். அவன் இளைத்தான், தனியாக வயலுக்கு வரப் பயந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் களத்துமேட்டில் என்னை மறித்தான். "ஏத்தா, ஒங்க மதினிய நிப்பாட்டச் சொல்லு. நேத்து ஒங்கண்ணன் பதில் சொன்னாக. என் காதால கேட்டேன்."

ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் உலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாகளாம்?"

நான் அவள் கையை விலக்கிவிட்டு இரண்டடி பின்னால் போனேன்.

அந்த மாதமே அவன் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மில் வேலை என்று வேடசந்தூர்ப் பக்கம் போய்விட்டான். பிறகு வந்த முறைக்கு, குத்தகைக்காரர் கூப்பிட்டார். மதினி பழையபடி வரப்பைப் பார்த்து, "ஏங்க" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"அவன்தான் ஓடிட்டானே மதினி. இன்னும் யாருக்குக் கேக்கணும்னு கூப்புடுற?"

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதாள்.

"கொன்னவன் காதுக்குக் கேட்டுச்சே தாயி. எனக்கு ஒரு தடவையாச்சும் கேக்கக் கூடாதா?"