உப்பு வெளியில் வழிக்கல்

உல்லாசப் பயணிகளை ஒட்டகத்தில் ஏற்றி உப்பு வெளியைச் சுற்றிக் காட்டுவது லஸ்ஹருக்கு இருபது வருஷத் தொழில். மேலே பளபளக்கும் உப்பு. தப்பான இடத்தில் கால் வைத்தால் ஆளை விழுங்கும் சேறு. கெட்டியான தரை நெடுக முன்னோர்கள் கல்லடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும்.

"நீங்களும் ஒண்ணு அடுக்குங்க, நெனச்சது நடக்கும்" என்று பயணிகளிடம் கதை கட்டிவிட்டவன் லஸ்ஹர்தான். அதற்கென்றே ஒரு மூட்டைக் கல்லும் ஏற்றி வருவான். படமெடுக்க அழகாக இருந்ததால், வந்தவர்களெல்லாம் கண்ட இடத்தில் அடுக்கினார்கள்.

"வழிக்கல்லோட வெளையாடாத மச்சான்" என்று கூட வரும் நூரி சொல்லிப் பார்த்தான்.

"கண்ணக் கட்டி விட்டாலும் நான் ஊர் போய்ச் சேருவேன். உன் சோலியப் பாரு."

இன்று திரும்பும்போது, மதியமே தெற்கு வானம் பழுத்துப் புழுதி இறங்கியது. ஊரின் பேரீச்ச மரங்கள் மறைந்தன. முன்னால் போன ஒட்டகம் நின்றுவிட்டது, இழுத்தும் அசையவில்லை.

லஸ்ஹர் குனிந்து தேடினான். வலப்பக்கம் இரண்டு குவியல், இடப்பக்கம் மூன்று. எல்லாம் ஒரே மாதிரி.

"இதுல எது மச்சான் நம்மளுது?" என்றான் நூரி.

லஸ்ஹர் ஒவ்வொரு குவியலாகத் தொட்டுப் பார்த்தான். ஒட்டகத்தின் மேலிருந்த பயணிப் பெண் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்தாள்.

"ஊர் போய்ச் சேரணும்னு வேண்டிக்கிட்டு, நான் ஒண்ணு அடுக்கட்டுமா?"