பதினாறாம் நாள் வரை காத்திருந்தோம்

அப்பா இறந்து ஐந்தாம் நாள், வீட்டில் துக்கம். விறகு எடுக்கப் போன என்னை, எங்கள் மன்னவனூருக்கு கேரட் ஏற்ற வந்த லாரிக்காரன் ஒருவன் காட்டோரத்தில் பலாத்காரம் செய்துவிட்டான்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்டி. அதுக்கு முன்ன ஊரத் தாண்டுனா, என்ன சோலின்னு எல்லாரும் கேப்பாக" என்று அழுதாள். என் துணியை எரித்தாள். நானும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன்.

காரியம் முடிந்த பிறகுதான் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெரசா வந்திருக்கக் கூடாதாம்மா? மூணு நாளைக்குள்ள வந்திருந்தா எச்.ஐ.வி. வராம தடுக்க மாத்திரை இருக்கு. குளிக்காம, துணிய எரிக்காம வந்திருந்தா தடயமும் எடுத்திருக்கலாம். போலீசுக்குப் போகாட்டியும் வைத்தியம் பாப்போமே."

மற்ற பால்வினை நோய்களுக்கு மருந்து தந்தார். ரத்தம் எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை, ஆனால் சில வாரம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அப்பா இருந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டாவது போயிருப்பார்.

இப்போது கேரட் பிடுங்கும் பெண்களிடம் வெட்கப்படாமல் சொல்கிறேன். உடனே போங்கள், குளிக்காமல் போங்கள், நாள் கடந்துவிட்டாலும் போங்கள்.

நேற்று அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றாள். "எளவு வீடா இருந்தாலும், பொணத்தப் போட்டுட்டுப் போங்கடி" என்றாள்.